பழைய பேப்பர், ஒரு கை வெந்தயம்: கூழ்ப்பெட்டி செய்வதும் கிழிந்த சுளகை மெழுகுவதும்

காகிதக்கூழ்ப் பெட்டி வெடித்துப்போனால் எல்லோரும் முதலில் வெந்தயத்தைத்தான் குறை சொல்வார்கள். "பசை பத்தல, இன்னும் ரெண்டு கை போட்டிருக்கணும்" என்பார்கள். பெரும்பாலும் வெந்தயத்தின் மேல் தப்பிருக்காது. கூழில் தண்ணீர் அதிகமாக நின்றிருக்கும், அல்லது அந்தத் தண்ணீரை அவசரமாக வெயிலில் விரட்டியிருப்பார்கள். கீழே வரும் அளவுகளில் ஒன்றிரண்டு மாறினாலும் பாதகமில்லை. தண்ணீர் சம்பந்தப்பட்டதை மட்டும் சொன்னபடி செய்யுங்கள்.

திருநெல்வேலிச் சீமையில் இது பழைய வேலைதான். ஓலை விட்டுப்போன கடகப்பெட்டியையும் ஓட்டை விழுந்த சுளகையும் (முறத்தையும்) தூக்கிப்போடாமல், வெந்தயம் அரைத்துக் காகிதக்கூழோடு மெழுகி இன்னும் சில வருஷம் ஓட்டுவார்கள். பெட்டியில் தொடங்கி, கடைசியில் சுளகுக்கு வருவோம்.

எப்போது செய்யலாம்

பங்குனி, சித்திரை தோதான மாதங்கள். வெயிலும் உண்டு, காற்றும் உண்டு. ஆனி, ஆடியில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் விழும், அங்கே வேண்டாம். அதே மாதங்களில் வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காற்று பிய்த்துக்கொண்டு போகும். நன்றாகக் காயும், ஆனால் ஈரக்கூழில் மண் வந்து ஒட்டும், மேலே மெல்லிய துணி போர்த்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே தொடாதீர்கள். காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

தேவையானவை

25 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரத்தில் ஒரு பெட்டிக்கு:

- பழைய செய்தித்தாள் 500 கிராம். 16 பக்க நாளிதழ் ஒன்று ஏறக்குறைய 65 முதல் 70 கிராம் இருக்கும், ஆகவே ஒரு வாரத்துத் தாள் போதும்.
- வெந்தயம் 60 கிராம்
- மஞ்சள்தூள் 2 தேக்கரண்டி
- பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்று, பிழிவதற்கு
- அச்சுக்கு ஒரு சருவச்சட்டி (வாய் அகன்ற பாத்திரம்) அல்லது பிளாஸ்டிக் பேசின்
- மெல்லிய பாலிதீன் தாள். ஜவுளிக்கடைச் சேலை உறையே போதும்.
- ஒரு ஈர்க்கு, ஒரு வழவழப்பான கூழாங்கல்

வார இதழ்களின் பளபளப்பான தாள் வேண்டாம். அதன் மேல் பூசியிருக்கும் வெள்ளைக் களிமண் கூழில் கலந்து, காய்ந்ததும் மாவாக உதிரும். முட்டை அட்டை கிடைத்தால் நல்லது. அதுவே கூழில் செய்ததுதான், சீக்கிரம் கரையும். நோட்டுத்தாள் ஊற இன்னும் ஒரு நாள் கேட்கும், ஆனால் நார் பலமாக இருக்கும். செய்தித்தாளோடு கால் பங்கு கலந்தால் பெட்டி நன்றாக நிற்கும்.

ஊறவைப்பதும் அரைப்பதும்

தாளைக் கத்தரிக்காதீர்கள், கிழியுங்கள். கத்தரித்த ஓரத்தில் நார் அறுந்து நிற்கும், கிழித்த ஓரத்தில் பிரிந்து நிற்கும். பிரிந்த நார்தான் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஒரு பக்கமாகக் கிழித்தால் செய்தித்தாள் நேராக வரும், மறுபக்கம் கோணும். நேராக வரும் பக்கமாகப் பட்டை பட்டையாகக் கிழித்து, பிறகு இரண்டு விரல் அகலத் துண்டுகளாக்குங்கள்.

ஆறேழு லிட்டர் தண்ணீரில் இரண்டு நாள் ஊறட்டும். மறுநாள் காலை தண்ணீரை மாற்றிவிடுங்கள். நம் ஊர் வெக்கைக்கு மூன்றாம் நாள் புளித்த வாடை வந்துவிடும், அந்த வாடை பெட்டியிலும் லேசாகத் தங்கும். அவசரமென்றால் சமையலுக்கு எடுக்காத பழைய பாத்திரத்தில் அரைமணி நேரம் கொதிக்கவைத்து ஆறவிடலாம்.

அரைக்கப் புறவாசலில் சும்மா கிடக்கும் ஆட்டுரல் இருந்தால் அதற்கு ஈடில்லை. உரலும் உலக்கையும்கூட சரிதான். இட்லிமாவு ஆட்டும் கிரைண்டரில் மட்டும் போடவேண்டாம். கல்லின் கொத்தில் நாரும் மையும் ஏறினால் கழுவிக் கழுவி அலுத்துப்போவீர்கள். மிக்ஸியில்தான் முடியுமென்றால் பழைய ஜார் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். ஜாரில் மூன்றில் ஒரு பங்கு தாள், அதைப்போல் இரண்டு பங்கு தண்ணீர். ஐந்து விநாடி ஓட்டி நிறுத்தி, மறுபடி ஐந்து விநாடி. கெட்டியாகப் போட்டு விடாமல் ஓட்டினால் மோட்டார் சூடேறிக் கருகல் வாடை வரும்.

ரொம்ப நைசாக அரைப்பதும் தப்பு. சட்னி மாதிரி ஆகிவிட்டால் நார் நறுங்கிவிட்டது என்று அர்த்தம். காய்ந்த பெட்டி பிஸ்கட் போல ஒடியும். விரலில் எடுத்துப் பார்த்தால் எழுத்துத் தெரியக்கூடாது, ஆனால் பஞ்சு பஞ்சாக நார் தெரியவேண்டும்.

பிழிவது

வேட்டித் துண்டில் கூழைக் கொட்டி மூட்டையாகக் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். சொட்டுவது நின்றபின், மூட்டையை முறுக்கிப் பிழியுங்கள். இங்கே தராசு உதவும். 500 கிராம் தாளில் வந்த கூழ், பிழிந்தபின் இரண்டு கிலோவுக்குள் இருக்கவேண்டும். இரண்டரை, மூன்று என்று காட்டினால் இன்னும் பிழியுங்கள், ஆளில்லையென்றால் மூட்டையின் மேல் அம்மிக்குழவியை வைத்துவிட்டுப் போங்கள். தராசு இல்லாதவர்கள் ஒரு உருண்டை பிடித்து உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். விரலிடுக்கில் தண்ணீர் கசியக்கூடாது, ஈரம் மட்டும் மினுங்கவேண்டும்.

வெந்தயம் சேர்ப்பது

முதல்நாள் இரவே 60 கிராம் வெந்தயத்தைக் கால் லிட்டர் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரோடே அரையுங்கள். வழுவழுவென்று பொங்கி, கரண்டியால் எடுத்தால் அறுபடாமல் வழியும். அந்தப் பிசின்தான் பசை. மேற்கொண்டு தண்ணீர் விடாதீர்கள், பிழிந்த பாடெல்லாம் வீணாகும்.

கூழை உதிர்த்து, வெந்தய விழுதும் மஞ்சளும் போட்டு, பரோட்டா மாவு பிசைவது போல் கால்மணி நேரம் நன்றாகப் பிசையுங்கள். அரைமணி மூடிவைத்தால் இன்னும் சேர்ந்துகொள்ளும்.

மைதாப் பசை போடலாமா என்று கேட்பார்கள். ஒட்டும், ஆனால் பாச்சையும் (கரப்பானும்) சேர்ந்து வரும். அதைவிடப் புளியங்கொட்டைப் பசை மேல். கொட்டையை வறுத்துத் தோலை இடித்து நீக்கி, மாவாக்கி, 50 கிராம் மாவை அரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்தபின் அடுப்பில் வைத்து, கால்மணி நேரம் கிண்டவேண்டும். சுடுதண்ணீரில் மாவைப் போட்டால் கட்டி கட்டியாகி ஒன்றுக்கும் ஆகாது. வெந்தயத்தைப் பாதியாகக் குறைத்து, இந்தப் பசையில் இரண்டு கரண்டி சேர்த்தால் பெட்டி கல் மாதிரி இறுகும்.

பூஞ்சை வராமலிருக்க உப்புப் போடுங்கள் என்று ஒரு யோசனை உலவுகிறது. கேட்காதீர்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், கார்த்திகை வந்தால் பெட்டி பதத்துப்போகும்.

அச்சில் அப்புவது

சருவச்சட்டியைக் கவிழ்த்து, பாலிதீன் தாளைச் சுருக்கமில்லாமல் போர்த்துங்கள். குடத்தில் செய்ய ஆசைப்பட்டால் வயிறு வரைதான் அப்பவேண்டும். அதைத் தாண்டிக் கழுத்துப் பக்கம் போனால் பெட்டி கழறாது, குடத்தோடு சேர்ந்து நிற்கும்.

கூழை உள்ளங்கையளவு அடையாகத் தட்டி, அடியில் தொடங்கி ஒன்றின் ஓரம் மற்றொன்றின் மேல் ஏறும்படி ஒட்டுங்கள். ஓரங்களை விரலால் இழுத்துத் தேய்த்துச் சேர்த்துவிடவேண்டும். வெறுமனே பக்கத்தில் வைத்து அழுத்தினால் காயும்போது அந்தக் கோட்டில்தான் விரிசல் விடும்.

தடிமன் எல்லா இடத்திலும் ஒரு செ.மீ. இருக்கட்டும், காய்ந்தபின் முக்கால் செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கும். ஈர்க்கில் ஒரு செ.மீ.யில் நகத்தால் கோடு கிழித்துக்கொண்டு, பத்துப் பதினைந்து இடத்தில் குத்திப் பாருங்கள். கோடு உள்ளே முங்கினால் அங்கே தடிமன், கோட்டுக்கு முன்னாலேயே சட்டியில் முட்டினால் அங்கே மெல்லிசு. கண்ணை நம்பவேண்டாம். அடிப்பாகம் எப்போதும் தடித்தும் வாய் ஓரம் மெலிந்தும்தான் போகும்.

கடைசியில் கூழாங்கல்லை நனைத்து மேலெல்லாம் உருட்டித் தேய்த்தால் மேடுபள்ளம் அடங்கும். தாமிரபரணிப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கல்லுக்கா பஞ்சம். மற்றவர்கள் கரண்டி முதுகால் தேய்க்கலாம்.

காயவைப்பது

முதல் நாள் நிழல். தார்சாவிலோ (வீட்டு முன்தாழ்வாரத்திலோ), காற்று வரும் திண்ணையிலோ வையுங்கள். ஈரக்கூழை நேராக மச்சியில் (மொட்டைமாடியில்) வெயிலில் வைத்தால் மேல்தோல் ஓடுபோல் இறுகிவிடும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். மேல்தோல் சுருங்கும், உள்ளே சுருங்காது. அந்த இழுபறியில்தான் பெட்டி வெடிக்கிறது. வெடிக்காவிட்டாலும் நடுவில் ஈரம் நின்று பத்து நாள் கழித்துப் பூஞ்சை வாடை வரும்.

இரண்டாம் நாள் மதியம் தொட்டுப் பாருங்கள். கையில் ஒட்டாமல், ஆனால் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருந்தால் அதுதான் கழற்றும் பதம். முழுக்கக் காயும்வரை அச்சிலேயே விட்டால் சுருங்கும் கூழ் சட்டியை இறுக்கிப் பிடிக்கும். சட்டி அசையாது, கூழ்தான் கிழியும். பாலிதீனைப் பிடித்து மெல்ல இழுத்துக் கழற்றுங்கள். வாய் கோணியிருந்தால் இப்போதே கையால் வளைத்துச் சரிசெய்யலாம், நாளைக்கு முடியாது.

கழற்றிய பெட்டியை வெறும் தரையில் கவிழ்க்காமல் நாலு குச்சியின் மேலோ கம்பிச் சல்லடையின் மேலோ வைத்து, உள்ளேயும் காற்றுப் போக விடுங்கள். இனி வெயில் தாராளமாகப் படலாம். மாலையில் உள்ளே எடுத்துவிடுங்கள், பனி இறங்கும். சித்திரையில் மொத்தம் நாலைந்து நாள் ஆகும், மற்ற மாதங்களில் எட்டு நாள்கூட இழுக்கும்.

காய்ந்ததா என்று அறிய விரல்முட்டியால் தட்டுங்கள். டக் டக் என்று கேட்டால் காய்ந்தது, தொப்பென்று கேட்டால் ஈரமுண்டு. இன்னும் உறுதியாகத் தெரியவேண்டுமானால் இரண்டு நாள் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். எடை இறங்கவில்லையென்றால் முடிந்தது.

சின்ன விரிசல் இருந்தால் பயப்படவேண்டாம். விரிசலின் இரண்டு உதட்டையும் தண்ணீரால் நனைத்து, மீந்த கூழில் இன்னும் கொஞ்சம் வெந்தய விழுது கலந்து அடையுங்கள். நனைக்காமல் அடைத்தால் காய்ந்த தாள் புதுக்கூழின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அடைத்தது தனியாகப் பெயர்ந்து வரும்.

மேல்பூச்சு

வாய் ஓரத்துக்கு இரண்டு விரல் அகலப் பழைய பருத்திச் சேலைக் கிழிசலை வெந்தய விழுதில் தோய்த்து மடித்து ஒட்டுங்கள். முதலில் பிய்வது வாய் ஓரம்தான். நிறத்துக்குக் காவிப்பொடியை வெந்தயத் தண்ணீரில் கரைத்து இரண்டு கை பூசினாலே அழகு. எனாமல் பெயின்ட் அடிப்பதானால் எடை நின்றபிறகு அடியுங்கள், இல்லாவிட்டால் கொப்பளிக்கும்.

இந்தப் பெட்டியில் துணி, நூல்கண்டு, பொத்தான், சாவி, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் வைக்கலாம். அரிசி, மாவு, பலகாரம் வேண்டாம். அச்சு மை உணவில் படக்கூடாது. உணவைச் செய்தித்தாளில் வைப்பதையும் பொதிவதையும் 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு விதிமுறைகளே தடைசெய்கின்றன. உள்ளிக்கும் (வெங்காயத்துக்கும்) ஒத்துவராது, அது ஈரம் கக்கும்.

அச்சே இல்லாமல்: பழைய ஓலைப்பெட்டி

கையில் கிழிந்த ஓலைப்பெட்டியோ கடகப்பெட்டியோ இருந்தால் முதல்முறை செய்பவர்கள் இதிலேயே தொடங்கலாம். கழற்றும் வேலையே கிடையாது. தூசு தட்டி, ஓலை முழுக்க நனையும்படி பத்து நிமிடம் தண்ணீரில் முக்கி வடியவிடுங்கள். பின்னலின் இடுக்கில் கூழ் ஏறும்படி உள்ளும் புறமும் அரை செ.மீ. அப்புங்கள். காயவைக்கும் முறை அதேதான்.

கிழிந்த சுளகு

சுளகில் தானியம் புடைப்போம், ஆகவே அச்சிட்ட தாள் கூடாது. எழுதாத வெள்ளைத்தாளில் 100 கிராம், வெந்தயம் 25 கிராம் போதும். பீடி சுற்ற மடியில் வைத்துப் புழங்கிய தட்டாக இருந்தால், எவ்வளவு மெழுகினாலும் அதைத் தானியத்துக்குத் திருப்பாதீர்கள். புகையிலைத் தூள் பின்னலுக்குள் போயிருக்கும்.

விளிம்பு விட்டிருந்தால் முதலில் அதைக் கட்டுங்கள். பனைநாரை அரைமணி நேரம் ஊறவைத்தால் ஒடியாமல் வளையும். ஓட்டையின் பின்பக்கம், ஓட்டையைவிட நாலாபக்கமும் மூன்று விரல் அதிகமாக வேட்டித்துணி வெட்டி, வெந்தய விழுது தடவி ஒட்டிக் காயவிடுங்கள். அதன்பின் முன்பக்கம் இரண்டு மி.மீ. கனத்துக்குக் கூழ் மெழுகுங்கள், அதே நாளில் பின்பக்கமும் மெழுகிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மெழுகினால் கூழ் சுருங்கும்போது சுளகைத் தன் பக்கம் இழுக்கும், அப்பளம் பொரிந்த மாதிரி வளைந்துவிடும். நிழலில் நாலு மூலையிலும் சிறு கல் வைத்து, அரைநாளுக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள்.

மெழுகிய சுளகையும் பெட்டியையும் தண்ணீர் விட்டுக் கழுவக்கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். மழைக்காலத்தில் தரையில் வைத்தால் கரையான் தேடி வரும், ஆணியில் மாட்டுங்கள்.

கூழ் மீந்தால் ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். அதற்குமேல் வைக்கவேண்டுமானால் வரட்டி மாதிரி மெல்லிசாகத் தட்டிக் காயவைத்து எடுத்துவையுங்கள். அடுத்த தடவை ஓர் இரவு ஊறவைத்துப் பிழிந்து, பாதியளவு வெந்தயம் புதிதாகச் சேர்த்துப் பிசைந்தால் போதும்.