சுவரில் தொங்கி வரையும் எந்திரம் செய்வது எப்படி?

பலகையின் மேல் மூலைகளில் இரண்டு ஸ்டெப்பர் மோட்டார்கள் (சின்னச் சின்ன ஸ்டெப்பாக, எண்ணி எண்ணிச் சுற்றுபவை), அவற்றிலிருந்து இறங்கும் இரண்டு பெல்ட், நடுவில் தொங்கும் பேனா. எந்திரம் அவ்வளவுதான். படம் கோணினால் பலரும் புரோகிராமைத்தான் நோண்டுவார்கள். தப்பு பெரும்பாலும் டேப் பிடித்து அளந்ததில் இருக்கும்.

வேண்டியவை: நேமா 17 அளவு ஸ்டெப்பர் மோட்டார் 2, மோட்டார் தண்டில் மாட்ட 20 பல் புல்லி (பல் சக்கரம்) 2, ஜிடி2 பெல்ட் (2 மி.மீ.க்கு ஒரு பல்) 1.5 மீட்டரில் 2 துண்டு, புரோகிராமை ஓட்டும் ஆர்டுயினோ ஊனோ போர்டு, அதன்மேல் செருகும் சிஎன்சி ஷீல்டு, மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துச் சுற்றவைக்கும் ஏ4988 டிரைவர் 2, 12 வோல்ட் 3 ஆம்பியர் சப்ளை, பேனாவைத் தூக்க ஒரு சின்ன சர்வோ மோட்டார். பெல்ட்டுக்குப் பதில் நூலைச் சுருளில் சுற்றலாம்தான். ஆனால் சுற்று மேல் சுற்று ஏற, விட்டம் கூடி அளவு கெட்டுவிடும்.

புல்லி ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. பெல்ட்டை இழுக்கும். ஒரு ஸ்டெப்பை 16ஆகப் பிரிக்கும் 1/16 மைக்ரோஸ்டெப்பில் சுற்றுக்கு 3200 ஸ்டெப், அதாவது மி.மீ.க்கு 80. பெல்ட்டின் மறுமுனையில் எடை கட்டித் தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் பல் நழுவும், மோட்டாரும் வீணாகச் சுமக்கும். இரண்டு பெல்ட்டின் கோடும் பேனா முனையில் சந்திக்க வேண்டும். விலகினால் பேனாத் தாங்கி இடத்துக்கு இடம் சாயும்.

புல்லிகளின் இடைவெளி 1000 மி.மீ. என்று வைப்போம். பேனா நடுவில், 500 மி.மீ. கீழே நிற்கும்போது இரு பெல்ட்டும் 707.1 மி.மீ. அங்கிருந்து வலப்பக்கம் 200 மி.மீ. நேர்கோடு போட, இடது பெல்ட் 860.2 ஆக நீள வேண்டும், வலது 583.1 ஆகக் குறைய வேண்டும். இரண்டையும் ஒரே சீராக ஓட்டினால் கோடு நடுவில் 5 மி.மீ. தொய்ந்துவிடும். அதனால் எந்தக் கோட்டையும் 1 அல்லது 2 மி.மீ. துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் முனைக்கும் பெல்ட் நீளத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

மேலே அதிகம் ஏறாதீர்கள். புல்லிக் கோட்டுக்கு 200 மி.மீ. கீழே, நடுவில், ஒவ்வொரு பெல்ட்டிலும் இழுவிசை தாங்கியின் எடையைப்போல் 1.35 மடங்கு, 50 மி.மீ. என்றால் 5 மடங்கு, ஸ்டெப் தவறும். ஓரங்களிலோ எதிர்ப்பக்க பெல்ட் தளர்ந்து கோடு நடுங்கும். இரு ஓரங்களிலும் 150 மி.மீ. விட்டுவிடுங்கள்.

மோட்டார் சுற்றாமல் உறுமினால் மோட்டாருக்குள் இருக்கும் இரண்டு கம்பிச் சுருள்களின் ஒயர் ஜோடி மாறியிருக்கிறது. சப்ளையை அணைத்துவிட்டு ஒயரை மாற்றுங்கள். ஓடும்போது பிடுங்கினால் டிரைவர் போய்விடும். சர்வோவுக்குத் தனி 5 வோல்ட் கொடுங்கள், இல்லையென்றால் பேனா தூக்கும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆகும். மின்சாரம் நின்றால் தாங்கி நகர்ந்துவிடும், மறுபடி 707.1க்குக் கொண்டுவந்த பிறகே வரையத் தொடங்குங்கள்.