ராமநாதபுரம் கடற்கரைக்குக் குறுகிய பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் கடற்கரைக்கு இரண்டு மூன்று நாள் விடுப்பில் வருவோர், மழை உண்டா இல்லையா என்பதை மட்டும் கைபேசியில் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கும் இந்த மாவட்டத்தில் அது போதாது. இங்கே ஒரு நாளின் போக்கைத் தீர்மானிப்பது காற்றுதான். அது எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்று பார்க்காமல் போட்ட திட்டம், நல்ல வெயில் அடிக்கும் நாளிலும் ஒரு குடும்பத்தை விடுதி அறைக்குள்ளேயே உட்கார வைத்துவிடும்.

இந்தக் கரைக்கு இரண்டு கடல்கள் உண்டு என்பதை மறப்பதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. மண்டபத்துக்கும் பாம்பன் தீவுக்கும் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கம் இவற்றைப் பெண்கடல், ஆண்கடல் என்பார்கள். ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது ஆண்கடல் கொந்தளிக்கும். அதே நாளில் வடகரை குளம் போலக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை திரும்பிவிட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். ஆகவே, ஜூலை மாதத்தில் பாம்பன் தீவின் தென்கரையில் உள்ள குந்துகாலில் அலை மிரட்டுகிறது என்றால் பயணமே வீணாயிற்று என்று வருந்த வேண்டியதில்லை. பாம்பன் பாலத்தைத் தாண்டி வந்து வடகரையில் உள்ள அரியமானில் சவுக்குத் தோப்பின் நிழலில் இறங்கினால், அங்கே அலை அடங்கியிருக்கும்.

அங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. கச்சான் காலத்தில் வடகரையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அலை இல்லையே என்று நம்பி, காற்றடைத்த மிதவையில் குழந்தையை உட்காரவைத்துக் கையை விட்டால், மிதவை சத்தமில்லாமல் கடலுக்குள் நகர்ந்துகொண்டே போகும். அடங்கிய கடலில் பெற்றோரின் கவனமும் தளர்ந்திருக்கும் என்பதால், இந்த ஆபத்தை நான் அழுத்திச் சொல்கிறேன்.

படகுச் சவாரியைக் கடைசி நாளுக்கு ஒத்திவைப்பது அடுத்த தவறு. தீவுப் பக்கம் போகும் படகானாலும், தொண்டி அருகே காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் செல்லும் படகானாலும், வானிலை சரியில்லாவிட்டால் நிறுத்தப்படும். முதல் நாள் காலையிலேயே அதை முடித்துக்கொள்வது நல்லது. பிற்பகலில் கடற்காற்று வலுக்கும் என்பதோடு, முதல் நாள் தவறினால் மறுநாள் ஒன்று கையில் இருக்கும். விசைப்படகுகளுக்கு மீன்வளத் துறை அனுமதிச் சீட்டு தராத நாளில், கூடுதல் பணம் தருவதாகச் சொல்லிப் படகோட்டிகளை வற்புறுத்துவோர் உண்டு. அது அவர்களுடைய உயிரையும் தொழிலையும் பணயம் வைக்கச் சொல்வதாகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தனுஷ்கோடிக்கு வருவோம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017இல் சாலை திறக்கப்பட்ட பிறகு, ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பும் இடமாக அதை நினைக்கிறார்கள். இருபுறமும் கடல், நடுவே ஒற்றைச் சாலை, ஒதுங்க மரநிழல் அரிது. காற்று வலுத்தால் மணல் சாலையின் குறுக்கே தாழப் பறந்து, கணுக்காலில் ஊசி குத்துவதுபோல் அடிக்கும். சில இடங்களில் தார் தெரியாத அளவுக்கு மேடு கட்டிவிடும். வாடகை இருசக்கர வாகனத்தில் குழந்தையை முன்னால் உட்காரவைத்து அந்த மணலில் பிரேக் பிடிப்பது மிகவும் அபாயம். நண்பகலில் வெயில் தாங்காது. மாலையில் தாமதமாகப் போனால் காவல்துறையினர் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலையே ஏற்ற நேரம். அரிச்சல்முனையில் எக்காரணம் கொண்டும் கடலில் இறங்கக் கூடாது. இரு கடல்களும் சேரும் அந்த முனையில் நீரோட்டம் கடுமையாக இருக்கும், காலடி மணலும் சரிந்து போகும். 1964 டிசம்பர் புயலில் பயணிகள் ரயிலோடு அந்த ஊரே அழிந்ததை இடிந்த தேவாலயச் சுவர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

வடகிழக்குப் பருவத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருவோர், பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைச் செய்தியில் கவனிக்க வேண்டும். 1, 2 என்றால் சீற்றம் தொலைவில் உள்ளது. 3 முதல் அது அந்தத் துறைமுகத்தையே குறித்த எச்சரிக்கை. சாதாரணத் தூறல் என்று அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு 2024 நவம்பர் 20ஆம் தேதி சான்று: அன்று ராமேஸ்வரத்தில் மட்டும் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. காற்று மிகும்போது பாம்பன் பாலத்தில் ரயில்கள் நிறுத்தி வைக்கப்படுவதும் உண்டு. ஆகவே, திரும்பும் நாளில் மதுரையிலிருந்து விமானத்தையோ வேறு ரயிலையோ இடைவெளி இல்லாமல் பதிவு செய்வது தவறு. அரை நாளாவது விட்டுவைக்க வேண்டும்.

ராமேஸ்வரம் ராமநாதசுவாமி கோயிலின் 22 தீர்த்தங்களிலும் நீராட எண்ணுவோர், மாற்றுத்துணி எடுக்காமல் போய் மார்கழி வாடையில் ஈரத்தோடு நடுங்குவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். உலர்ந்த உடை உடுத்திய பிறகே தரிசனத்துக்குச் செல்ல வேண்டும் என்பதால் பையில் ஒரு செட் துணி இருக்கட்டும். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் ஊரே நிரம்பி வழியும். கடலை ரசிக்க மட்டும் வருவோர் அந்தத் தேதிகளைத் தவிர்க்கலாம்.

சில காலைகளில் கடல் உள்வாங்கி, பாசி படிந்த பாறைகள் வெளியே தெரியும். அதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், படம் எடுக்கப் பாறைமேல் நடந்து போகவும் வேண்டாம். காற்றும் நீரோட்டமும் மாறும்போது இக்கரையில் அவ்வப்போது நடப்பதுதான் அது. தண்ணீர் திரும்பும்போது வழுக்கும் பாறையில் வேகமாக ஓடிவர முடியாது. ஐயம் இருந்தால், வல்லத்தை (நாட்டுப்படகை) இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கும் மீனவர் ஒருவரிடம், "அண்ணே, இன்னைக்குக் கடல் எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். வடகரைக்குப் போவதா தென்கரைக்குப் போவதா என்பதை அவர் சொல்லிவிடுவார்.