அண்ணன் உயிலைக் காட்டினால் தங்கை செய்ய வேண்டியவை: குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு

தந்தை மறைந்தபின் உடன்பிறந்தவர் ஓர் உயிலை எடுத்துக் காட்டினால், பங்கு கேட்பவர் முதலில் அந்தச் சொத்து தந்தைக்கு எவ்வழியில் வந்தது என்பதை ஆதாரங்களை (சொத்துப் பத்திரங்களை) கொண்டு உறுதி செய்ய வேண்டும். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைவதற்கு முன் திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்தமையால், பழைய ஆதாரங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கும். அவ்வாண்டுடன் 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும், சிங்கம் (ஆவணி) முதல் டிசம்பர் முடியவுள்ள மாதங்களுக்கு மட்டும் 824 கூட்ட வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆதார நகலும் வில்லங்கச் சான்றும் பெறுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களில், "சீதனம் கொடுத்தாயிற்று, இனி உனக்குப் பங்கில்லை" என்ற பேச்சு இன்றும் கேட்பது வேதனைக்குரியது. மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே மகளுக்கு என்றிருந்த 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்ச் சட்டம், 1951 ஏப்ரல் 1 முதல் செல்லாது என்று மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், எஞ்சியது மகன் மகள் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். இந்துக் குடும்பத்தில் பூர்வீகச் சொத்தாயின், தந்தை தம் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும்.

உயில் பதிவு செய்யப்பட்டது என்பதனாலேயே அது மெய்ப்பிக்கப்பட்டதாகிவிடாது. அதில் இருவரேனும் சாட்சிக் கையொப்பம் இட்டிருக்க வேண்டும். அவர்களில் உயிருடன் இருக்கும் ஒருவரையாவது உயிலை முன்வைப்பவர் நீதிமன்றத்தில் விசாரிக்க வேண்டும். பயனடைபவரே முன்நின்று எழுதுவித்திருந்தால் எழும் ஐயத்தைப் போக்கும் பொறுப்பும் அவருடையதே. உயில் தேதியில் தந்தை மருத்துவமனையில் இருந்திருந்தால், அந்தப் பதிவேடுகளைத் தாமதமின்றிக் கேட்டு வாங்குங்கள்.

பட்டா அண்ணன் பெயருக்கு மாறிவிட்டதே என்று அஞ்ச வேண்டாம். பட்டா மட்டுமே உரிமையைத் தீர்மானிப்பதில்லை. ஆனால் வாரிசுச் சான்றிதழுக்கென்று சொல்லி நீட்டப்படும் தாள், உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாக இருக்கக்கூடும் என்பதால், முழுதும் வாசிக்காமல் எதிலும் கையொப்பமிடாதீர்கள். பாகப்பிரிவினை வழக்கோடு, விற்பனைக்குத் தடை கோரும் மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்வது நல்லது. வழக்குரைஞருக்குப் பணமில்லையெனில், வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. நாகர்கோவில் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம்.