லிதுவேனியப் பியானோ கலைஞரைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இரண்டு பேர் தாங்கள் எழுதிய அறிமுகக் குறிப்புகளை என்னிடம் பார்க்கக் கொடுத்தார்கள். இசைக் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுத இப்போதுதான் தொடங்கியிருக்கிறார்கள். இருவரும் எடுத்துக்கொண்டது ஒரே ஆளை: லிதுவேனியப் பியானோ கலைஞர் மூஸா ரூபட்ஸ்கீத்தே. படிக்கப் படிக்க எனக்கு மனசு கேட்கவில்லை. பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு, ஏறக்குறைய அதே வார்த்தைகளில்.

எழுத்துப்பிழை, தேதிப்பிழை எல்லாம் இன்னொருவர் படித்தால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"ரஷ்யக் கலைஞர்" என்று எழுதுவது

அவர் 1959இல் லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில் பிறந்தவர். மாஸ்கோ கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் படித்தார் என்பதற்காக ரஷ்யர் ஆகிவிட மாட்டார். லிதுவேனியாவை 1940இல் சோவியத் ஒன்றியம் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1990 மார்ச் 11 அன்று அந்த நாடு மறுபடி சுதந்திரத்தை அறிவித்தபோது தலைமையில் இருந்த விதௌதாஸ் லாண்ட்ஸ்பெர்கிஸ் ஓர் இசை ஆய்வாளர், பியானோவும் வாசிப்பவர். அங்கே இசையும் நாட்டுப்பற்றும் அவ்வளவு நெருக்கம். அங்கிருந்து வந்த ஒருவரை ரஷ்யர் என்பது அவர்களுக்கு எப்படி வலிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

காலியாகத் தெரியும் வருடங்களை நாமே நிரப்புவது

இதைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

ரூபட்ஸ்கீத்தேயின் வாழ்க்கைக் குறிப்பை எடுத்தால் 1981இல் புடாபெஸ்ட்டில், லிஸ்ட், பார்டோக் என்ற இரு ஹங்கேரிய இசையமைப்பாளர்களின் பெயரில் நடந்த லிஸ்ட்-பார்டோக் போட்டியில் வென்றார் என்று இருக்கும். அதற்கப்புறம் பெரிய செய்தி 1989இல் பாரிஸ். நடுவில் எட்டு வருடம். நான் முதன்முதலில் எழுதியபோது அந்த இடைவெளி கண்ணை உறுத்தியது. அதனால் "பரிசுக்குப் பின் சில காலம் மேடையிலிருந்து ஒதுங்கித் தன் கலையை ஆழப்படுத்திக்கொண்டார்" என்று ஒரு வரி சேர்த்தேன். அதற்கு எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை. வாக்கியம் நன்றாக வந்திருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

அவர் வாசித்த லிஸ்ட் இசைத்தட்டைப் போட்டுக் கேட்கும் கூட்டம் அது. இருநூறு பிரதி அச்சடித்து நாற்காலிக்கு ஒன்றாக வைத்திருந்தோம். இடைவேளையில் ஒரு வயதான அம்மா என்னிடம் வந்தார். லிதுவேனியத் தலைநகர் வில்னியஸில் பிறந்தவராம். கழுத்தில் கயிற்றோடு தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அந்த வரிக்கு அடியில் கட்டைவிரல் நகத்தால் ஒரு கோடு இழுத்தார். காகிதம் லேசாகக் கிழிந்தது. "யார் ஒதுங்கியது? வெளியே விட்டால்தானே வருவதற்கு?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

அவர் சொன்னதுதான் உண்மை. சோவியத் அதிகாரம் ரூபட்ஸ்கீத்தேயை மேற்கு நாடுகளுக்குப் போக விடவில்லை. பாஸ்போர்ட் கிடைத்தது 1989இல்தான். அதுவரை சோவியத் எல்லைக்குள்ளேயே கச்சேரி செய்தார். அவர் எங்கும் ஒதுங்கவில்லை.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது பியானோ உலகத்தைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். போட்டியில் ஜெயித்த சூடு இரண்டு மூன்று வருடம்தான் நிற்கும். அழைப்புகள், இசைத்தட்டு ஒப்பந்தங்கள் எல்லாம் அதற்குள் வந்தாக வேண்டும். இருபத்திரண்டு வயதில் பரிசு வாங்கியவருக்குக் கதவு திறந்தபோது வயது முப்பது. இந்தக் கதை அவருக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. சோவியத் கலைஞர்களின் வெளிநாட்டுப் பயணத்தை கோஸ்கான்சர்ட் என்ற அரசு நிறுவனம் கையில் வைத்திருந்தது. புகழ்பெற்ற சோவியத் பியானோ கலைஞர் ஸ்வியாத்தஸ்லாவ் ரிக்டர் அமெரிக்காவில் முதன்முதலாக வாசித்தது 1960இல், நாற்பத்தைந்து வயதில்.

1989 என்ற வருடத்தையும் தனியாக விட்டுவிடாதீர்கள். அந்த ஆகஸ்ட் 23 அன்றுதான் வில்னியஸிலிருந்து லாட்வியத் தலைநகர் ரீகா வழியாக எஸ்டோனியத் தலைநகர் தாலின் வரை, 600 கிலோமீட்டருக்கும் மேல், ஏறத்தாழ இருபது லட்சம் பேர் சுதந்திரம் கேட்டுக் கைகோத்து நின்றார்கள். சோவியத் பிடி தளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அதைச் சொல்லாமல் "பின்னர் பாரிஸ் சென்றார்" என்று எழுதினால், ஏதோ வசதிக்காக வீடு மாற்றியது போல ஆகிவிடும்.

என் குறிப்பை நான் திருத்தினேன். ஆனால் அதற்குள் அந்த வரியை இரண்டு மூன்று பேர் எடுத்து வேறு கூட்டங்களுக்குப் பயன்படுத்திவிட்டார்கள். போன மாதம் வந்த குறிப்புகளில் ஒன்றில் "ஆழப்படுத்திக்கொண்டார்" என்ற அதே சொல்லைப் பார்த்தபோது வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. ஒரு கலைஞரின் வரலாற்றில் மூன்று வருடத்துக்கு மேல் இடைவெளி தெரிந்தால், அப்போது அவர் எந்த ஆட்சிக்குக் கீழே இருந்தார், பயணம் செய்ய முடிந்ததா, உள்நாட்டில் வாசித்தாரா என்று தேடுங்கள். பதில் கிடைக்கவில்லையா, சரி, அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள்.

பெயரை ஆங்கிலக் கண்ணால் படிப்பது

"ரூபாக்கைட்" என்று எழுதியிருந்தார் ஒருவர். லிதுவேனிய மொழியில் 'சி' (c) எழுத்துக்கு 'ட்ஸ்' ஒலி. அதனால் ரூபட்ஸ்கீத்தே. கடைசியில் வரும் 'ஈத்தே' மகள் என்பதைக் காட்டும் விகுதி. மணமான பெண்ணின் பெயர் வழக்கமாக 'இயெனே' என்று முடியும். தந்தை, தாய், மகள் மூவருக்கும் குடும்பப் பெயர் மூன்று விதமாக இருக்கும். தப்பு என்று நினைத்து ஒன்றாக்கிவிடாதீர்கள்.

பரிசுப் பட்டியல்

மூன்று வரி போதும்.

கோடோவ்ஸ்கியைச் சேர்ப்பது

பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான லியோபோல்ட் கோடோவ்ஸ்கி லிதுவேனிய மண்ணில், 1870இல், ரஷ்யப் பேரரசின் கீழ் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அத்தனையையும் எழுத இடம் இருந்தால் மட்டும் சேருங்கள்.

ச்சுர்லியோனிஸை ஓவியராக மட்டும் சொல்வது

லிதுவேனிய இசையமைப்பாளரும் ஓவியருமான அவர் 35 வயதில், 1911இல் இறந்துபோனார். சுமார் 300 ஓவியங்கள் இருப்பதால் எல்லோரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ரூபட்ஸ்கீத்தே ச்சுர்லியோனிஸின் பியானோ படைப்புகளைப் பதிவு செய்திருக்கிறார். எழுதுவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிரெலூடை (சிறிய பியானோ படைப்பு) போட்டு இடது கையை மட்டும் கவனியுங்கள். பல பிரெலூடுகளில் ஒரே சின்னச் சுரக்கோவை திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும், வலது கை அதன் மேலே தன் போக்கில் போகும்.