டாட் ஃபோல்டர என்கிரிப்ட் பண்ணா புள்ளி எங்க போகுது?

லினக்ஸ்ல பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி வச்சா அந்த ஃபோல்டர் மறைஞ்சிடும்னு நாம சொல்றோம், ஆனா லினக்ஸோட மையமான கெர்னலுக்கு அப்படி ஒரு சமாச்சாரமே தெரியாது. உள்ள இருக்கறத பட்டியல் போடற எல்எஸ் கமாண்டும் ஃபைல் மேனேஜரும் புள்ளிய பாத்து காட்டாம விட்டுடுது, அவ்ளோதான். இத மனசுல வச்சுக்கிட்டு, ஃபோல்டர என்கிரிப்ட் பண்ற கோகிரிப்ட்எஃப்எஸ்ங்கற டூல திறங்க, எல்லாம் தானா புரியும்.

முதல்ல ரெண்டு ஃபோல்டர் போடுங்க, ஒண்ணு சைஃபர் (என்கிரிப்ட் ஆனது கிடக்கற இடம்), இன்னொண்ணு பிளெய்ன் (அத திறந்து பாக்கற இடம்). சைஃபர்ல இனிட் (முதல் தடவ தயார் பண்றது) குடுத்து பாஸ்வேர்ட் வச்சு அத பிளெய்ன்ல மவுண்ட் பண்ணுங்க, அதாவது அங்க திறந்து தெரிய வைங்க. இனிட் முடியும்போது திரையில வர்ற மாஸ்டர் கீய ஒரு பேப்பர்ல எழுதி பீரோல வச்சிடுங்க, இத மட்டும் சோம்பேறித்தனப்படாம செஞ்சிடுங்க.

இப்ப பிளெய்ன் உள்ள டாட் ரகசியம்னு ஒரு ஃபோல்டர் போட்டுட்டு எல்எஸ் அடிங்க, காட்டாது, மைனஸ் ஏ சேத்து அடிச்சாதான் காட்டும். அதே கையோட சைஃபர் பக்கம் போய் வெறும் எல்எஸ் அடிங்க, ஏதோ பூனை கீபோர்டுல நடந்த மாதிரி ஒரு பேர் நிக்கும், அதான் உங்க ஃபோல்டர். புள்ளியும் பேரோட சேந்து என்கிரிப்ட் ஆயிடுது, அதனால சைஃபர் பக்கம் மறைஞ்சதுன்னு ஒண்ணுமே கிடையாது. எத்தன ஃபைல், என்ன சைஸ், எதுக்குள்ள எது இருக்கு எல்லாம் பாக்கறவனுக்கு தெரியும், பேரும் உள்ள இருக்கறதும்தான் தெரியாது.

அந்த ஃபோல்டர் உள்ள பாத்தா நீங்க ஒண்ணும் வைக்கலன்னாலும் கோகிரிப்ட்எஃப்எஸ் டாட் டிஐஆர்ஐவின்னு 16 பைட்ல ஒரு ஃபைல் கிடக்கும். குப்பைன்னு நெனச்சு தூக்கிடாதீங்க, அது போச்சுன்னா அந்த ஃபோல்டர்ல இருக்கற பேர் எதையும் படிக்க முடியாது. சைஃபர் பக்கத்துலயே ஒரு ஃபோல்டர தூக்கி வேற ஃபோல்டருக்குள்ள போடறதும் வேணாம், அதோட பேர் பழைய இடத்து டிஐஆர்ஐவிய வச்சு என்கிரிப்ட் ஆனது.

தமிழ்ல நீளமா பேர் வைக்கறவங்களுக்கு ஒண்ணு. பேர் 175 பைட்ட தாண்டினா சைஃபர் பக்கம் அது கோகிரிப்ட்எஃப்எஸ் டாட் லாங்நேம்னு தொடங்கற பேர்ல நிக்கும், பக்கத்துலயே டாட் நேம்னு முடியற ஒரு ஃபைலும் வரும், ரெண்டும் ஜோடி, பிரிக்காதீங்க. 'கி'ங்கறது நமக்கு ஒரு எழுத்து, எழுத்த பைட்டா மாத்தற யுடிஎஃப் 8 முறையில அது 6 பைட், அதனால இங்கிலீஷ விட நாம சீக்கிரமே அந்த எல்லைய தொட்டுடுவோம்.

நான் மாட்டினது இதே வேலைய செய்யற பழைய என்க்எஃப்எஸ் டூல்ல. அதுல செட்டிங்ஸ் இருக்கற கான்ஃபிக் ஃபைலே புள்ளியோட தொடங்கும், டாட் என்க்எஃப்எஸ்6 டாட் எக்ஸ்எம்எல். பென்டிரைவுக்கு காப்பி கமாண்டான சிபியோட ஸ்டார் (எல்லாம்னு அர்த்தம்) போட்டு காப்பி அடிச்சேன், ஆனா கமாண்ட படிக்கற ஷெல்லோட ஸ்டார் புள்ளி ஃபைல எடுக்காது, மத்ததெல்லாம் வந்துச்சு இது மட்டும் வரல. கீ அதுக்குள்ளதான் இருக்கு, அதே பாஸ்வேர்ட் போட்டு புதுசா கான்ஃபிக் உருவாக்கினாலும் கீ வேறயாதான் வரும், ஒண்ணும் திறக்காது. லேப்டாப்ப அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ திறந்து பாக்கலாம்னு தோணுச்சு பாருங்க, அதான் தப்பிச்சேன். கோகிரிப்ட்எஃப்எஸ்ல சாதாரண மோட்ல கான்ஃபிக் ஃபைலுக்கு முன்னாடி புள்ளி கிடையாது, ரிவர்ஸ் மோட்ல (சாதாரண ஃபோல்டர என்கிரிப்ட் ஆன மாதிரி காட்டற மோட்) உங்க நிஜ ஃபோல்டர்ல புள்ளியோட உக்காந்திருக்கும்.

அதனால ஸ்டார் வேணாம், ஆர்சிங்க் மைனஸ் ஏ போடுங்க, இல்லன்னா சிபி மைனஸ் ஆர் போட்டு ஃபோல்டர் பேருக்கு அப்புறம் ஸ்லாஷ் புள்ளி வைங்க. காப்பி ஆனதும் அந்த காப்பியவே மவுண்ட் பண்ணி, மைனஸ் ஏ போட்டு டாட் ரகசியம் வருதான்னு பாத்துட்டு அப்புறமா பழசுல கை வைங்க.