நோம்பி மேடையில் டிரம் மெஷின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரம் மெஷின் (டிரம் சத்தங்களைத் தாளமாக அடுக்கி ஓட்டும் மின்னணுப் பெட்டி) வாங்கிய எல்லோரும் ஹெட்போனில்தான் பழகுகிறார்கள். வேறு வழியில்லை, ராத்திரி பதினோரு மணிக்குப் பாக்ஸ் வைத்து அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருக்கமாட்டார். சிக்கல் அப்புறம்தான். கோயமுத்தூர் கஃபேயிலும் கல்லூரிக் கலைவிழாவிலும் வாசித்துக்கொண்டிருந்தவருக்கு ஊர் நோம்பியிலிருந்து, அதாவது கோயில் திருவிழாவிலிருந்து, அழைப்பு வரும். ஹெட்போனில் முடிவு செய்ததை எல்லாம் அப்படியே தூக்கிக்கொண்டு மேடை ஏறுவார். கண்ணில் படும் தவறுகளில் முக்கால்வாசி அங்கேதான் தொடங்குகின்றன.

முதல் அடி கிக்குக்குத்தான், அதாவது பேஸ் டிரம் சத்தத்துக்கு. 1980-இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 மெஷின் நம்மைப் பழக்கிவிட்ட அந்த நீளமான 'பூம்' ஹெட்போனில் நெஞ்சை அடைக்கும். அதன் அடிநாதம் ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸ். நோம்பியில் கட்டியிருக்கும் கூம்பு ஸ்பீக்கரிலோ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேருக்குத்தான் ஏதாவது வரும். கிக் காணாமல் போய், ஹை-ஹேட் (ஜோடிச் சிம்பல்) மட்டும் சலசலக்கும். கல்யாண மண்டபத்தில் இதற்கு நேர் எதிர்: 18 அங்குல சப்வூஃபர், சுற்றிலும் சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை. ஒரு கிக் அடங்குவதற்குள் அடுத்தது வந்து விழுந்து எல்லாம் ஒரே உறுமலாகிவிடும். இரண்டு இடத்துக்கும் மருந்து ஒன்றுதான். டிகேயை (சத்தம் அடங்க எடுக்கும் நேரத்தை) குறையுங்கள், டியூனைக் கொஞ்சம் ஏற்றுங்கள், தொடக்கத்தில் வரும் 'டக்' சத்தத்தைக் கூட்டுங்கள். கிக் விழும் ஸ்டெப்பிலேயே (ஸ்டெப் என்பது தாளத்தின் ஒரு கட்டம்) ஒரு ரிம்ஷாட்டை, அதாவது டிரம் விளிம்பில் அடிக்கும் சத்தத்தை, மெல்ல வைத்தாலும் போதும். "ஏனுங்க தம்பி, பேஸே வரலீங்களே" என்று மைக்செட்காரர் கேட்டால் பேஸ் குமிழை ஏற்றப் போகாதீர்கள். கூம்பு கொடுக்க முடியாததை ஏற்றினால் ஆம்ப்தான் திணறும்.

அடுத்தது ஸ்டீரியோ. நோம்பி மைக்செட் பெரும்பாலும் மோனோ, இடம் வலம் என்று பிரிக்காத ஒரே ஒலி. மெஷினின் இடது ஜாக்கை மட்டும் மிக்சரில் செருகிவிட்டு, வலப்பக்கம் பான் செய்த (ஒதுக்கிய) ஷேக்கரைத் தேடிப் பயனில்லை. 'எல்/மோனோ' என்று எழுதிய ஜாக் இருந்தால் அந்த ஒன்றிலேயே இரண்டு பக்கமும் சேர்ந்து வரும். எல்லா மெஷினிலும் அது இருக்காது. எனக்குப் பிடித்த வழி வேறு. கிக்கை முழுக்க இடப்பக்கம், மற்ற எல்லாவற்றையும் முழுக்க வலப்பக்கம் பான் செய்துவிட்டு, இரண்டு ஜாக்கையும் தனித்தனி சேனலில் கொடுத்துவிடலாம். மைக்செட்காரர் கிக்கைத் தனியாக ஏற்றி இறக்குவார். எலக்ட்ரான் டிஜிடாக்ட் போல ஒரு ஜோடி அவுட்புட் மட்டும் உள்ள மெஷினுக்கு இது ரொம்பவே உதவும். ரிவெர்ப், டிலே என்ற எதிரொலி எஃபெக்ட்களை மட்டும் அடக்கி வையுங்கள், அவை இரண்டு பக்கமும் கசியும். ரோலண்ட் டிஆர்-8எஸ் வைத்திருப்பவருக்கு இந்த வேலையே இல்லை, அதில் 6 தனி அவுட்புட் இருக்கிறது.

இனி தாளத்துக்கு வருவோம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். மெஷினைத் திறந்ததும் 16 ஸ்டெப் வந்து நிற்கும், நாலு நாலாக. கும்மிக்கும் துடும்பு என்ற கொங்கு நாட்டு முரசுக்கும் ஆடும் நம் ஊர்க் கால்களோ பல நேரம் மூன்று மூன்றாக எண்ணும், மெல்லிசைக்காரர்கள் சிக்ஸ் எய்ட் என்பார்களே, அது. இதை ஸ்விங் குமிழைத் திருகிக் கொண்டுவரப் பார்ப்பது வீண் வேலை. ஸ்விங் ஒன்றுவிட்டு ஒரு ஸ்டெப்பைச் சற்றுப் பின்னால் தள்ளும், அவ்வளவுதான். மூன்றில் நடுவில் விழவேண்டிய அடிக்கு அங்கே இடமே கிடையாது.

பேட்டர்ன் (மெஷின் திரும்பத் திரும்ப ஓட்டும் தாளத் துண்டு) நீளத்தை 12 ஆக வெட்டுவது பாதி சரி. அடிகள் ஒழுங்காக உட்காரும். ஆனால் மெஷின் உள்ளுக்குள் நாலு ஸ்டெப்புக்கு ஒரு பீட் என்றே எண்ணிக்கொண்டிருக்கும். திரையில் 120 (நிமிடத்துக்கு 120 பீட்) என்று இருந்தால் ஆடுபவர் காலில் ஓடுவது 160. சிங்க் செய்த டிலேயும் கீபோர்டின் ஆர்பெஜியேட்டரும் (பிடித்த ஸ்வரங்களைத் தானாக வரிசையாக வாசிக்கும் வசதி) அந்த 120-ஐப் பிடித்துக்கொண்டு தனி வழியில் போகும். டிஆர்-8எஸ்-இல் ஸ்கேலை (ஸ்டெப்பின் அளவை) டிரிப்லெட்டுக்கு, அதாவது மூன்று மூன்றாக, மாற்றிவிடலாம். டிஜிடாக்ட்டில் நீளத்தை 12 ஆகவும் வேகத்தை 3/4 மடங்காகவும் வைக்க வேண்டும். அப்போது 12 ஸ்டெப்பும் பழைய 16 ஸ்டெப்பின் நேரத்தை எடுத்துக்கொள்ளும், திரையும் காலும் ஒரே வேகத்தைச் சொல்லும்.

துடும்பு ஜமாப்போடு (துடும்புக் குழுவோடு) சேர்ந்து வாசிப்பதானால் இன்னொரு சங்கதி. ஆட்டம் சூடேறும்போது அவர்கள் வேகம் கூடிக்கொண்டே போகும், மெஷின் நின்ற இடத்தில் நிற்கும். டெம்போ நம்மிடம்தான் சரியாக இருக்கிறது என்று வாதாடிப் பிரயோஜனமில்லை, கூட்டம் துடும்போடுதான் போகும். ஒரு கையை டெம்போ குமிழிலேயே வைத்துக்கொண்டு அவர்களைப் பின்தொடரலாம். அல்லது பேட்டர்னைத் தானாக ஓட்டும் சீக்வென்சரை நிறுத்திவிட்டு பேடுகளைக் கையால் தட்டலாம். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். கிக்கையும் எடுத்துவிடுங்கள், துடும்பு முழங்கும்போது அதற்கு வேலையில்லை. கிளாப், ஷேக்கர் போதும்.

ஜமாப் அண்ணன்மார் உங்களைக் கேட்டு வாசிக்க வேண்டுமானால் அவர்கள் காலடியில் ஒரு மானிட்டர் பாக்ஸ் வையுங்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 17 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரிலிருந்து அவர்களுக்கு வந்துசேர 50 மில்லிநொடி ஆகும். 120 வேகத்தில் ஒரு ஸ்டெப்பே 125 மில்லிநொடிதான். அவர்கள் தாமதமாக அடிப்பதாகத் தோன்றினால் முதலில் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

பேட்டர்ன் மாற்றம். பெரும்பாலான மெஷின்கள் ஓடுகிற பேட்டர்ன் முடிந்த பிறகுதான் அடுத்ததற்குத் தாவும். 64 ஸ்டெப் பேட்டர்ன் 120 வேகத்தில் 8 நொடி ஓடும். பாடகர் சரணத்துக்குப் போய்விட்டார், நீங்கள் இன்னும் பல்லவியில். மேடைக்கு 16 ஸ்டெப் பேட்டர்ன்களாகப் பிரித்துக்கொள்வது நல்லது. எல்லா பேட்டர்னும் ஒரே சத்த அளவில் இருக்கிறதா என்பதையும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

கரண்ட் விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது. லைன் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் அடாப்டரில் ஓடும் மெஷின் அணைந்துவிடும், சேமிக்காத மாற்றங்களும் அதோடு போச்சு. கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்று போதும். கோர்க் வோல்கா என்ற சின்ன மெஷின் 6 பென்சில் பேட்டரியிலும் ஓடும். அவசரத்துக்கு யாரிடமாவது அடாப்டர் வாங்கிச் செருகும் முன் வோல்டேஜையும் துருவத்தையும் படியுங்கள்: வோல்காவுக்கு 9 வோல்ட், நடுவில் பிளஸ். பாஸ் (Boss) நிறுவனத்தின் கிட்டார் பெடல்களுக்கும் 9 வோல்ட்தான், ஆனால் நடுவில் மைனஸ். லேப்டாப்பையும் சேர்த்துக் கட்டியதும் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால், எர்த் பின்னைப் பிடுங்கச் சொல்லும் ஆள் ஒருவர் எப்படியும் பக்கத்தில் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. மெஷினுக்கும் மிக்சருக்கும் நடுவில் மாட்டும், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டிஐ பாக்ஸ் அந்த இரைச்சலைத் தீர்க்கும்.

இரண்டு மெஷின் கட்டினால் ஒன்றுதான் மாஸ்டர், மற்றது அதன் வேகத்தைப் பின்தொடர வேண்டும். வோல்காவின் சிங்க் ஜாக் ஒரு பீட்டுக்கு 2 துடிப்பு எதிர்பார்க்கும், மிடி கிளாக் (மிடி கேபிளில் போகும் வேக சிக்னல்) 24 அனுப்பும். இரண்டையும் இஷ்டத்துக்குக் கலக்க முடியாது.

பாட்டை முடிப்பதை யாரும் பழகுவதில்லை. எல்லோரும் கடைசி அடியில் நிற்க, ஸ்டாப் பட்டனில் விரல் கொஞ்சம் தாமதித்தால் ஒரு கிக் மட்டும் அனாதையாக வந்து விழும். முதல் ஸ்டெப்பில் கிக்கும் கிராஷும், மீதி முழுக்கக் காலி என்று முடிவுக்கென்றே ஒரு பேட்டர்ன் செய்து வையுங்கள். கடைசிச் சுற்று ஓடும்போதே அதை வரிசையில் போட்டுவிட்டால் அடி அதுவாகவே சரியான இடத்தில் விழும், அதற்குப் பிறகு நிதானமாக ஸ்டாப்பை அழுத்தலாம்.