வாஷிங் மெஷின் குழாயில் தெரிந்த எலி

முதலில் பல்லி எச்சம் என்றுதான் நினைத்தேன். பல்லி எச்சத்தின் நுனியில் வெள்ளை இருக்கும்; அடுப்புமேடைக்குக் கீழே கிடந்ததில் அது இல்லை. கறுப்பு, அரை அங்குல நீளம். சுண்டெலி போடுவது அரிசி அளவுதான், ஆக இது பெரிய எலி. மறுநாள் வாஷிங் மெஷினின் கழிவுநீர்க் குழாயைக் கடித்து வைத்துவிட்டது. வீடெல்லாம் தண்ணீர்.

விஷப் பசை வேண்டாம் என்றாள் மனைவி. குழந்தை இருக்கிற வீடு. அதிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸ் விஷத்துக்கு முறிவு மருந்தே கிடையாது. சரி என்று மரப்பொறி வாங்கினேன். மூன்று நாள் வடை வீணானதுதான் மிச்சம். புதுப் பொருளைக் கண்டால் எலி ஒதுங்கும் என்பது அப்புறம்தான் புரிந்தது. பொறியைச் சுவரோரமாக வைத்து, கதவு விழாதபடி கட்டி, நான்கு இரவு கருவாட்டைச் சும்மா தின்னவிட்டேன். ஐந்தாம் இரவு கட்டை அவிழ்த்தேன். இரண்டேகால் மணிக்கு டப்பென்று சத்தம்.

வழி திறந்திருந்தால் இன்னொன்று வரும். டார்ச் அடித்துப் பார்த்தேன். சிங்க் குழாய் வெளியே போகும் துளையைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்குபோல் கறை, எலியின் உடம்பு உரசி உரசிப் படிந்தது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அதில் திணித்து மேலே சிமென்ட் பூசினேன். மாடியை உரசிய முருங்கைக் கிளையும் போயிற்று.

எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்கவில்லை. பிளீச்சிங் பவுடர் தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, கையுறையோடு துடைத்தேன்.

ஆறு மாதமாகிறது, புதுக் குழாய் முழுசாக இருக்கிறது. இரவில் சோற்றுத் தட்டை எடுத்துவிடுவதில் நாய்க்குத்தான் கோபம்.